மெம்பர் வீட்டு வாளி

எழுதத் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எடுத்தும் கணக்கில் தவறியவள் நான். அதற்குப் பிறகு கூட்டுறவுக் கடையில் பருப்பும் சீனியும் நிறுத்ததுதான் என் உத்தியோகம். கூட்டங்களுக்குப் போனால் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, நன்றியுரை தொடங்கும்போது எழும்பி வந்துவிடுவேன். மெம்பருக்கு நினைவு மலர் போடுகிறோம், அவரோடு பழகினவர்களில் ஊரில் மிச்சம் இருப்பது நீங்கள்தான், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வாசிகசாலைச் செயலாளர் கடைக்கே வந்து கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். ஒரு பக்கத்துக்குள் அடக்க முடியாமல் போனதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் படத்தை அவர் எனக்குக் காட்டியிராவிட்டால் ஒரு பக்கத்தோடு நிறுத்தியிருப்பேன். மெம்பர் தலைப்பாகையும் சால்வையுமாகத் தன் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சிறுமி கயிற்றை இழுக்கிறாள். தான் திறந்துவிட்ட கிணற்றில் ஏழைச் சிறுமி நீர் அள்ளுவதைக் கண்டு மகிழும் பெருந்தகை என்று கீழே போட்டிருக்கிறார்கள். அதற்கும் கீழே, மெம்பர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஒரு கொப்பியிலிருந்து ஒரு வசனத்தைக் கையெழுத்தோடு அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது. செயலாளர் தம்பி அப்போது பிறக்கவே இல்லை, அவரில் பிழையில்லை. ஆனால் என் வயதுக்காரர் நீங்கள் பல பேர் அந்த அட்டையைப் பார்த்தீர்கள். அருமையான படம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அந்த எரிச்சல்தான் என்னை எழுத வைக்கிறது.

படத்தில் இருக்கிறவள் ஐந்தாம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள். இப்போது கிளிநொச்சிப் பக்கம் பிள்ளைகளோடு இருக்கிறாள். போன் எடுத்துக் கதைத்தேன்.

"எழுதடி. ஆனா என்ரை பேரைப் போடாதை. பேரப்பிள்ளையள் வாசிக்குங்கள்."

"படத்தைப் பாத்தனியோ?"

"மகன் போனிலை காட்டினவன். அண்டைக்கு நான் எத்தினை வாளி இழுத்தனான் எண்டு தெரியுமே உனக்கு?"

"ஒரு ஏழெட்டு இருக்கும்."

"பதினொண்டு," என்றாள். "நீ எண்ணேல்லை. நான் எண்ணினனான்."

அவள் சொன்னபடி அவளுடைய பெயரைப் போடவில்லை. அவளுக்குப் போடாமல் மற்றவர்களுக்குப் போடுவது சரியில்லை என்று ஒருவருக்கும் போடவில்லை.

மெம்பர் எங்கள் அம்மாவுக்குப் பெரியப்பா. வெள்ளைக்காரன் காலத்தில் கொழும்புச் சபையில் ஒரேயொரு தவணை மெம்பராக இருந்தவர். அந்தப் பதவி போய் நாற்பது வருடம் கழிந்தும் ஊருக்கு அவர் மெம்பர்தான். பேரப்பிள்ளைகள் முறையான எங்களுக்கு மெம்பர் அப்பு. நான் அறியும்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, ஆளைத் தெரியும், முகம் தெரியாது என்ற நிலை. வீட்டில் அவரும், புருஷனை இழந்து திரும்பி வந்த அவருடைய மகளும்தான் இருந்தார்கள். அந்த மகள் எனக்குப் பெரியம்மா.

அது ஆடி மாதம். சோளகக் காற்று செம்மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பு தன் வாழ்க்கை வரலாற்றை எழுதவேண்டும் என்று விரும்பினார். எழுதக் கண்ணில்லை. எங்கள் வீட்டில் என் கையெழுத்து முத்துப்போல என்று அம்மா போய்ச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு, சோறு தின்று, மூன்று மணிக்கு நான் அங்கே போகவேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய மனிதருக்கு முன்னால் தும்மவும் பயப்படுகிற பிள்ளை நான்.

அவருடைய அறை தெருப் பக்கம் இருந்தது. கறுத்த மேசை, ஒரு லாச்சி இழுபடாது. கண்ணாடி அலுமாரியில் தடித்த அட்டை போட்ட சபை அறிக்கைகள், எல்லாம் இங்கிலீஷ். அந்த அலுமாரியைத் திறந்தால் கற்பூரமும் பழைய பசையும் சேர்ந்த ஒரு மணம் வரும். கொழும்புக்குப் போட்டுப்போன கறுப்புக் கோட்டு ஒரு ஆணியில் தொங்கியது. அதன் தோளில் தூசு படியாதபடி பெரியம்மா ஒரு பழைய தலையணை உறையைக் கவிழ்த்து விட்டிருந்தார். இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது அந்த அறைக்குக் கூரையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அந்தக் கொப்பி மட்டும் எப்படித் தப்பியது என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பு சாய்மனைக் கதிரையில் இருந்து, கூட்டத்தில் பேசுகிற மாதிரிச் சொல்லுவார். நான் எழுதுவேன். முதல் தேர்தலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி, இவருடையது மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மஞ்சளைத் தேடிப் போடவேண்டும் என்பதற்காக வீடு வீடாக மஞ்சள் துண்டு அனுப்பினாராம். வெளியே இறங்காத பெண்களைத் திரை கட்டிய வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய் வாக்குப் போடுவித்தாராம். சபையில் அவர் கொண்டுபோன பெரிய விஷயம் வாங்கு. அப்போது எங்கள் பள்ளிக்கூடங்களில் சாதி குறைவென்று ஊர் வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாங்கில் இடம் கிடையாது. நிலத்தில் இருக்கவேண்டும். சில இடங்களில் விறாந்தைக்கு வெளியே. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாங்கு கொடாத பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கக் காசு கொடுக்கக்கூடாது என்று இவர் பேசினார்.

"வெள்ளைக்காரத் துரை கேட்டவன், உங்கடை சனத்துக்கு என்னதான் வேணும் எண்டு. நான் சொன்னனான், வாங்கு வேணுமெண்டு. அவன் விளங்காமல் முழிச்சான்." இந்த இடத்தில் அப்பு எப்போதும் சிரிப்பார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை.

அந்தப் பேச்சுக்காக ஊர் அவருடைய வேலிக்கு நெருப்பு வைத்தது. புகையிலைக் கன்றை ஒரே இரவில் வெட்டிப்போட்டார்கள். அவருடைய தாயார் செத்தபோது ஐயர் வரவில்லை, பறையும் இல்லை. அடுத்த தேர்தலில் மஞ்சள் பெட்டிக்குள் இருந்ததை ஒரு தொப்பியில் கொட்டியிருக்கலாம் என்று அவரே சொன்னார். தோற்ற அடுத்த நாள் ஒழுங்கைக்கு அங்காலை அந்தச் சனத்தின் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, தன் வீட்டுக் கிணற்றடியில் விட்டு, கயிற்றை அவர் கையிலே கொடுத்தாராம். வேலியால் ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் தானே அள்ளித் தானே குடித்தாராம். அந்த மனிதர்தான் என் சிநேகிதியின் பூட்டன்.

இவ்வளவும் உண்மை. இதில் நான் ஒன்றையும் குறைக்க வரவில்லை.

இனிக் கிணற்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் கனக்கக் கிணறுகள் உவராகிவிடும். ஒழுங்கைக்கு அங்காலை இருந்த பொதுக்கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணீர் திரைந்துவிடும். நல்ல தண்ணீர் மெம்பர் வீட்டில்தான். காலையில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு வந்து கிணற்றடி வேலியோரம் நிற்பார்கள். ஒருவரும் கிணற்றுக் கட்டில் கை வைக்கமாட்டார்கள். வைத்தாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் கப்பியில் கயிறும் இருக்காது, வாளியும் இருக்காது. இரண்டும் குசினிக்குள் தொங்கும்.

பெரியம்மா விடியப்புறம் குளித்து, சாமிக்கு அள்ளி, சமையலுக்கு அள்ளி, மாட்டுக்கு அள்ளிவிட்டு, கயிற்றையும் வாளியையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுவார். பிறகு பூசை. பிறகு அப்புவுக்குக் கோப்பி. அதற்குப் பிறகு வாளியோடு வந்து, அங்கே நிற்கிறவர்களின் குடத்தில் தானே அள்ளி ஊற்றுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தோட்டத்து முருங்கைக்காய் இருந்தால் அதையும் கொடுத்து விடுவார். குடத்தில் வாளி முட்டாதபடி ஒரு சாண் உயர்த்தி ஊற்றுவார். அப்பு குளிக்க வருவது பத்து மணிக்கு. அப்போது கப்பியில் கயிறு இருக்கும், வாளி இருக்கும், ஆட்கள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர் கண்டது அதைத்தான்.

என் சிநேகிதியின் அம்மா விடிய முன்னரே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார். தண்ணீர் அவளுடைய பொறுப்பு. பெரியம்மாவின் பூசை முடிந்து, இரண்டு குடம் வாங்கி, கொண்டுபோய் இறக்கிவிட்டு அவள் ஓடி வர, பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அந்த வருடம் எங்கள் தலைமை வாத்தியார் ஒரு சட்டம் போட்டிருந்தார். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தவர்கள் அந்தத் தவணையில் நாலு நாள் பிந்தி வந்தால் பெயர் வெட்டப்படும். பெயர் கொடுத்த எங்கள் பதின்மூன்று பேரில் நிச்சயமாகப் பாஸ் பண்ணுவாள் என்று எல்லோரும் சொன்னது அவளைத்தான். பாஸ் பண்ணினால் பெரிய பள்ளிக்கூடத்து விடுதி. அங்கே குழாயில் தண்ணீர் வருமாம் என்று அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவாள்.

ஆடி பிறந்து இரண்டாம் கிழமைக்குள் அவள் மூன்று நாள் பிந்திவிட்டாள். மூன்றாம் நாள் கையில் அடி வாங்கிக்கொண்டு வந்து வாங்கில் இருந்தவள், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நீ பின்னேரத்திலை அங்கைதானே போறனீ. மெம்பரிட்டை ஒருக்காச் சொல்லன்."

"என்னெண்டு சொல்ல?"

"வாளியை வெளியிலை விடச் சொல்லி. நாங்கள் என்ன வாளியைத் தின்னப்போறமே?"

அன்று பின்னேரம் அப்பு கிணற்றுக் கதைக்குத்தான் வந்திருந்தார். கயிற்றைக் கையில் கொடுத்த இடம் முடிந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த வசனத்தைச் சொன்னார்: "மேற்படி கிணறானது அன்று தொடக்கம் இன்றுவரை சாதி பேதமின்றிச் சகலராலும் தத்தம் கைகளினாலேயே அள்ளப்பட்டு வருகின்றது."

நான் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

"எழுதினியே பிள்ளை?"

"அப்பு... வாளி குசினிக்கைதான் இருக்கிறது."

"களவு போகுமெண்டு எடுத்து வைக்கிறவை. அதுக்கென்ன, பெரியம்மாவைக் கேட்டால் குடுப்பா. வீட்டு வேலையளிலை நான் தலையிடுறேல்லை. எழுதினியே?"

"ஓம்," என்றேன். அதற்குப் பிறகுதான் எழுதினேன். அந்த வசனம்தான் இப்போது அட்டையில் இருக்கிறது. சகலராலும் என்ற சொல்லில் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

குசினிக்குப் போய்ப் பெரியம்மாவைக் கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உன்ரை சிநேகிதிக்கு நான் ஒரு நாளாவது தண்ணி இல்லையெண்டு சொன்னனானோ?"

"இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் பிந்துது."

"அப்ப நீ வந்து அள்ளிக் குடு. நீ எங்கடை பிள்ளைதானே, உனக்கு வாளி தாறன்."

அம்மாவிடம் சொன்னேன். "மெம்பர் வீட்டு நியாயத்துக்கெல்லாம் நீ போகாதை. தண்ணி அள்ளப் போறதெண்டால் போ," என்றார். அடுத்த நாளிலிருந்து ஆறரை மணிக்கு நான் போய் வாளி வாங்கி, அவளுக்கு இரண்டு குடம் முதலில் நிரப்பிவிடுவேன். மற்றவர்கள் பெரியம்மா வருமட்டும் நின்றார்கள். அவர்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஒரு கிழமைக்கு அவள் பிந்தவில்லை. நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். நாலாம் நாளோ என்னவோ, நான் ஊற்றும்போது அவள் குடத்தைப் பிடித்தபடி கேட்டாள்.

"இஞ்சை, ஒருக்காத் தாவன். நான் இழுத்துப் பாக்கிறன்."

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். யன்னலில் ஒருவரும் இல்லை.

"வேண்டாமடி. பெரியம்மா ஏசுவா."

"அவ அங்கை தேவாரம் படிக்கிறா."

"வேண்டாம்."

அவள் சிரித்தாள். "நீயும் பெரியம்மா மாதிரியே ஒரு சாண் உயத்தித்தான் ஊத்துறாய், தெரியுமே?"

எனக்குத் தெரியாது. கை அப்படித்தான் போயிருக்கிறது. அடுத்த வாளியை வேண்டுமென்றே பதித்து ஊற்றினேன். ஆனால் கயிற்றைக் கொடுக்கவில்லை. மெம்பரில் பிழை, பெரியம்மாவில் பிழை என்று நான் இவ்வளவு நாளும் மனதுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அதற்கு அடுத்த கிழமை ஒரு வியாழக்கிழமை. நான் வாளியோடு கிணற்றடிக்கு வர, வீட்டு முன்னால் கார் வந்து நின்றது. பட்டணத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் படக்காரரும். அப்பு இரண்டு கடிதம் போட்டு வரவழைத்திருக்கிறார். காலை வெளிச்சம்தான் நல்லது என்று நேரத்தோடு வந்துவிட்டார்கள். அப்பு தலைப்பாகை கட்டி, பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். அந்த நேரத்தில் அவரைக் கிணற்றடியில் நான் முதன்முதலாகக் கண்டேன். குடத்தோடு நின்றவர்கள் வேலியோடு ஒதுங்கிப் போனார்கள்.

"ஆர் அதிலை நிக்கிறது? சின்னப் பிள்ளையே?"

"ஓம் ஐயா," என்றாள் அவள்.

"வா பிள்ளை. அள்ளு. வழமையா அள்ளுற மாதிரி அள்ளு."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா என் கையிலிருந்த வாளியை வாங்கி, கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்றார். அவள் வாளியை எடுத்தாள். கயிற்றை விட்ட வேகத்தில் வாளி கிணற்றுச் சுவரில் அங்கும் இங்கும் அடித்துக்கொண்டு போய் விழுந்தது. இழுக்கத் தெரியவில்லை. கை மாற்றும்போது கயிறு வழுகி, பாதித் தண்ணீர் கொட்டுப்பட்டது. ஆனால் அவளுடைய முகம்! பல் முழுக்கத் தெரிந்தது. நான் அவளை அப்படி வேறு ஒரு நாளும் பார்த்ததில்லை.

"என்ன பிள்ளை, கையிலை வலு இல்லையே? சாப்பாடு காணாது போலை," என்றார் அப்பு. "பெரியம்மாவிட்டை கேட்டுக் கொஞ்சம் ஒடியல் மா வாங்கிக்கொண்டு போ."

படக்காரருக்குச் சிரிப்புக் கூடாது. சிரிக்காமல் இழு என்றார். பிறகு முகத்தில் நிழல் விழுகிறது, இந்தப் பக்கம் வா என்றார். பிறகு வாளி மேலே வருகிற நேரத்தில் மெம்பர் அவளைப் பார்க்கவேண்டும் என்றார். அப்புவுக்கு வாளி எப்போது வருகிறது என்று தெரியாததால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப இழுத்தாள். நாலாவது, ஐந்தாவதோடு அவளுடைய முகத்தில் இருந்தது போய்விட்டது. கயிறு இழுத்த உள்ளங்கை சிவந்துவிட்டது. என்னைப் பார்க்கத் தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். பத்துப் பேருக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை.

காற்றில் பள்ளிக்கூட மணி கேட்டது.

"அப்பு," என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "மணி அடிச்சிட்டுது. அவள் பிந்தினால் பேரை வெட்டிப்போடுவினம்."

"ஆர் வெட்டுறது? நான் ஒரு துண்டு தாறன். நீ எழுது, நான் கையெழுத்துப் போடுறன்."

எழுதினேன். பொதுக்காரியம் ஒன்றுக்காக இப்பிள்ளை என்னால் தாமதிக்க நேர்ந்தது என்று. அவர் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் ஓடினோம். அவளுடைய குடம் அங்கேயே நின்றது.

தலைமை வாத்தியார் படலையடியில் பூவரசங் கம்போடு நின்றார். எனக்கு அது முதல் பிந்தல், உள்ளே போகச் சொன்னார். அவளிடமிருந்து துண்டை வாங்கி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம் மாதிரிக்கூட இருந்தது.

"மெம்பர் ஐயா எழுதினதே? நல்லது. எல்லாருக்கும் ஒரே வாங்கு, ஒரே சட்டம் எண்டு சபையிலை முழங்கினவர் அவர்தானே. ஆரிட்டையும் துண்டு வாங்கிக்கொண்டு வந்தால் விடலாமெண்டால் அது என்ன சட்டம்? ஐயாவுக்குப் போய்ச் சொல்லு, அவற்றை கொள்கையைத்தான் நான் நடத்துறன் எண்டு."

துண்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயர்ப் பட்டியலை எடுத்து, கோட்டுத்தடி வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு நான் போனபோது அப்பு நல்ல உற்சாகத்தில் இருந்தார். பத்திரிகைக்காரர் முழுப் பக்கம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நான் தலைமை வாத்தியார் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பு பாய்ந்து கத்துவார், கறுப்புக் கோட்டை எடு என்பார், காரைப் பிடி என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"சொன்னதிலை பிழையில்லை, பிள்ளை. சட்டமெண்டா ஒண்டுதான். நான் போய்க் கதைச்சால் அது செல்வாக்கு. அதைத்தான் நான் காலம் முழுக்க எதிர்த்தனான்." பிறகு, "நல்ல பதில் சொல்லியிருக்கிறான். அவன்ரை தேப்பனும் நல்லாக் கதைப்பான்," என்றார்.

அந்தக் கதிரையை உதைத்துக் கவிழ்க்கவேண்டும் போல இருந்தது எனக்கு. அழுதுகொண்டு கத்தினேன். கத்தினேன் என்றால், என் அளவுக்கு.

"அவள் முதல் மூண்டு நாளும் பிந்தினது உங்கடை வாளியாலை அப்பு! ஒருத்தரும் தங்கடை கையாலை அள்ளுறேல்லை. ஒருநாளும் அள்ளேல்லை. பெரியம்மா வருமட்டும் நிக்கினம். நீங்கள் பத்து மணிக்கு வாறீங்கள்!"

பெரியம்மா வாசலில் வந்து நின்றார். அப்பு அவரிருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன சொல்லுறாள் இவள்? வாளி களவுக்குப் பயந்துதானே உள்ளுக்கை வைக்கிறது?"

"நீங்கள்தானே வைக்கச் சொன்னனீங்கள்."

"நானோ?"

"என்ரை கலியாணத்துக்கு. மாப்பிள்ளை பகுதி, இந்தக் கிணத்திலை வாய் நனைக்கமாட்டம் எண்டு நிண்டவை. ரெண்டு சம்பந்தம் அதாலையே குழம்பிப் போச்சு, எனக்கு முப்பது வயசு. கலியாணம் முடியுமட்டும் வாளியை எடுத்து உள்ளுக்கை வையுங்கோ, கிணத்தை மூடவேண்டாம் எண்டு அம்மாட்டைச் சொன்னது நீங்கள்."

சோளகம் யன்னல் கதவைப் போட்டு அடித்தது.

"கலியாணம் முடிய வெளியிலை வைக்கச் சொன்னனான்."

"ஆரிட்டை அப்பா சொன்னனீங்கள்?"

பெரியம்மா குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. "நீங்கள் சபையிலை கதைச்சியள். கேள்வி கேட்டவை என்னைத்தான் கேட்டவை," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

அந்த நாளில் நான் பெரியம்மாவைத்தான் வெறுத்தேன். வாளியை ஒளித்தவர் அவர் என்று. அவருக்கு முப்பது வயது, இரண்டு சம்பந்தம் குழம்பியது என்பதெல்லாம் என் காதில் விழுந்தும் விளங்கவில்லை. எனக்கு இரண்டு சம்பந்தம் குழம்பின பிறகுதான் விளங்கியது. இப்போது யாரைக் கோபிப்பது என்று பார்த்தால், ஒவ்வொருவராக ஒவ்வொரு காரணத்தோடு நிற்கிறார்கள். காரணம் இல்லாமல் பிந்தினவள் என்று எழுதப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

கொஞ்ச நேரத்தால் அப்பு தொண்டையைச் செருமினார். "கொப்பியை எடு. எதிலை விட்டனாங்கள்?" என்றார். அந்த வசனத்தை வெட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் அடுத்த அதிகாரத்தைச் சொல்லத் தொடங்கினார். கூட்டுறவுச் சங்கம் தொடங்கின கதை. நான் எழுதினேன்.

மறுநாள் அவள் மணி அடிக்க முன்னரே வந்து வாங்கில் இருந்தாள். தலைமை வாத்தியார் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி, எட்டரை பஸ்ஸில் கல்விக் கந்தோருக்கு அனுப்பினார். அதில் பன்னிரண்டு பெயர்கள். என்னுடையது ஏழாவது. முதல் பாடம் கணக்கு.